ஸ்வீடனில் பிஎச்.டி. இடம் தேடியபோது கைகொடுத்த வழி

ஸ்வீடன் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினால் எனக்குப் பெரும்பாலும் பதிலே வராது. வந்தாலும் "விளம்பரம் வந்ததும் விண்ணப்பியுங்கள்" என்று ஒரு வரிதான். காரணம், அங்கே பிஎச்.டி. பொதுவாக ஒரு சம்பள வேலை. பெரும்பாலான இடங்கள் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான் விளம்பரமாகும். கல்விக் கட்டணம் கிடையாது. நான்காண்டுப் படிப்பு, பாடம் நடத்துவது போன்ற துறை வேலைகளை 20 சதவீதம் வரை சேர்த்தால் ஐந்தாண்டு வரை நீளும்.

அதனால் லுண்ட், உப்சாலா பல்கலைக்கழகங்கள், ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பக்கங்களை வாராவாரம் பார்க்கத் தொடங்கினேன். விளம்பரத்தை வரிவரியாகப் படித்ததுதான் பெரிய திருப்பம். அதில் கட்டாயத் தகுதிகள் தனியாக, இருந்தால் நல்லது என்பவை தனியாக இருக்கும். கடிதத்தில் அதே வரிசையில் ஒவ்வொன்றுக்கும் சான்று கொடுத்தேன். "பைதான் நிரல்மொழி தெரியும்" என்பதோடு விடாமல், மண் ஈரப்பதத் தரவில் விடுபட்ட அளவுகளை எப்படி நிரப்பினேன், அது என் முதுகலை ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் எழுதினேன். நேர்காணலில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்!

விளம்பரத்தில் தொடர்புக்கு ஒருவர் பெயர் இருக்கும். தயங்காமல் அவரிடம் திட்டத்தைப் பற்றிக் குறிப்பாக ஒரு கேள்வி கேளுங்கள். எனக்கு இதற்கெல்லாம் பதில் வந்தது. முதுகலைப் பட்டம் கைக்கு வரவில்லையென்றால், 240 கிரெடிட்டும் (ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட்) அதில் 60 முதுகலை நிலையிலும் இருந்தாலே பொதுத் தகுதி உண்டு. கடைசித் தேதி மட்டும் கறார். பரிந்துரையாளர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.