கொரியப் பெயர் படிக்கத் தெரியாமல் வாடகையை மாற்றி அனுப்பிய கதை

கொரியாவுக்கு வந்த ஐந்தாவது மாதம், 4,50,000 வோன் வாடகையை எனக்குப் பழைய மைக்ரோவேவ் விற்ற ஒரு பெண்மணிக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் உங்கள் கம்பெனியிலோ கல்லூரியிலோ சொல்லித் தருவார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, இடைவெளி உட்பட எல்லா இடத்திலும் அப்படியே கொடுங்கள். அவ்வளவுதான். கொரியர்கள் பெயரை எப்படிப் படிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நம் இனிஷியல் மாதிரி குடும்பப் பெயர் முதலில் வரும், பெரும்பாலும் ஓரெழுத்து. கல்யாணமானாலும் பெண்கள் அதை மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 'லீ' என்று எழுதுவார்கள், சொல்வது 'இ'. 'பார்க்' என்பதில் 'ர்' கிடையாது, 'பாக்'தான். 'சோய்' என்று நாம் படிப்பது 'ச்வே'. மேலதிகாரியைக் 'கிம் ஷி' (திரு. கிம் என்பது மாதிரி) என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், மரியாதைக் குறைவு. பதவியைச் சேர்த்து 'கிம் குவாஜாங்நிம்' என்பது போலச் சொல்லுங்கள்.

என் வாடகையை விழுங்கியது 'ஜொங்', 'ஜொன்' என்ற இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவதையே ஆங்கிலத்தில் ஜங், ஜியோங், சுங் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வீட்டுக்காரம்மா ஜொங், மைக்ரோவேவ் அம்மா ஜொன், பெயரின் மீதி இரண்டு எழுத்தும் ஒன்றேதான். வங்கிச் செயலி அனுப்புவதற்கு முன்னால் பெயரைக் கொரிய எழுத்தில் காட்டத்தான் செய்தது, நான்தான் பழைய பட்டியலிலிருந்து தட்டிவிட்டு, பார்த்தமாதிரி தலையாட்டினேன். எழுத்தின் அடியில் குட்டி வட்டம் இருந்தால் 'ங்'. நம் 'ட' மாதிரி ஒரு கோடு இருந்தால் 'ன்'. இவ்வளவுதான் வித்தியாசம்!

வங்கியிலிருந்து கூப்பிட்டால் மைக்ரோவேவ் அம்மா மோசடி அழைப்பு என்று எடுக்கவே இல்லை. பணம் திரும்ப மூன்று வாரம் ஆனது. திரும்பவே வராவிட்டால் கொரிய வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தில் முறையிடலாம், 2021 ஜூலையிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த எழுத்து நமக்குச் சுலபம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டம், உயிர்மெய் மாதிரி. நாம் புள்ளி வைத்து எழுதுகிற மெய், அங்கே அடியில் போய் உட்காரும். 'பம்பரம்' என்னும்போது முதல் 'ப' அழுத்தமாகவும் அடுத்தது மெலிந்தும் வருகிறதே, அதே பழக்கம் அவர்களுக்கும் உண்டு. பெயர்களில் வருகிற 'உன்' என்பதை ஆங்கிலக்காரர்கள் 'யூன்' என்று படித்துத் திணறுவார்கள். அதில் இருப்பது 'காது' என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம்! பத்தாம் வகுப்புத் தமிழையா இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். 'ஜொங்' சொல்லும்போதும் உதட்டைக் குவிக்காதீர்கள், வாயைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

வாடகை தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, வாசலிலேயே நிறுத்தித் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். நாலாவது தடவை 'ங்' சரியாக வந்த பிறகுதான் கிம்ச்சி டப்பா கைக்கு வந்தது.