ரஸ்டில் சொந்தக் கர்னல்: பூட் செக்டரிலிருந்து ஆரம்பிப்போம்

கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுதுகிறேன் என்று கிளம்பினால் பாதி நேரம் போவது, பூட்லோடர் (கர்னலை மெமரியில் ஏற்றும் சின்ன நிரல்) தன் வேலையை முடித்துக் கர்னலுக்குள் குதிக்கும் அந்த ஓரிடத்தில்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 64 பிட் எக்ஸ்86, பழைய பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) பூட், ஓட்டிப் பார்க்க கியூஎமு என்ற எமுலேட்டர். பூட்லோடர் அசெம்பிளியில், கர்னல் ரஸ்டில். பூட் செக்டரையும் ரஸ்டிலேயே எழுதலாம்தான், ஆனால் 512 பைட்டுக்குள் அடக்க லிங்கரோடு (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கும் கருவி) மல்லுக்கட்ட வேண்டும், வேண்டாத வேலை. எண்களைப் பத்தடிமானத்தில் தருகிறேன், கோடில் ஹெக்ஸாக்கிக்கொள்ளுங்கள்.

பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும் 31744-ஆம் முகவரியில் ஏற்றிவிட்டு அங்கே குதிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டும் 85, 170 என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட் செக்டராகவே மதிக்காது. செக்மென்ட் ரிஜிஸ்டர்களைப் பூஜ்ஜியமாக்குங்கள், ஸ்டாக்கை 31744-இலிருந்து கீழ்நோக்கி வையுங்கள், எந்த டிஸ்க் என்பது டிஎல் ரிஜிஸ்டரில் இருக்கும், அதை உடனே பத்திரப்படுத்துங்கள். பிறகு இரண்டாம் கட்டத்தை, அதாவது பூட்லோடரின் மீதிப் பகுதியை, 32256-இல் ஏற்றிக் குதிக்க வேண்டியதுதான்.

இரண்டாம் கட்டம் கர்னலை 65536-இல் ஏற்றட்டும். ப்ரொடெக்டட் மோடுக்குப் (32 பிட் நிலை) போய்விட்டால் பயாஸை நேரடியாகக் கூப்பிட முடியாது, அதனால் படிப்பதையெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். ஒரே தடவையில் 127 செக்டருக்கு மேல் கேட்காதீர்கள், சில பயாஸ்கள் தராது. ஒவ்வொரு முறையும் கேரி ஃப்ளாக்கைப் பாருங்கள், அது 1 என்றால் பிழை; இமேஜ் கோப்பு நீங்கள் கேட்கும் அளவைவிடச் சின்னதாக இருந்தாலே படிப்பது தோற்றுவிடும்.

அப்புறம் இன்டரப்டை நிறுத்தி, ஏ20 லைனைத் (1 எம்பிக்கு மேலுள்ள மெமரிக்கான வழி) திறந்து, ஜிடிடி (செக்மென்ட்களின் பட்டியல்) ஏற்றி 32 பிட்டுக்குப் போங்கள். பேஜ் டேபிளுக்கு (கோட் கேட்கும் முகவரியை நிஜ மெமரி முகவரியாக்கும் அட்டவணை) 4096, 8192, 12288 முகவரிகளில் மூன்று பக்கங்கள் போதும். முதலில் மூன்றையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். முதல் இரண்டிலும் ஒரேயொரு என்ட்ரி: அடுத்த டேபிளின் முகவரியோடு 3 ('இருக்கிறது', 'எழுதலாம்' என்ற இரண்டு பிட்). மூன்றாவதில் 512 என்ட்ரி, ஒவ்வொன்றும் 2 எம்பி பக்கம், முகவரியோடு 131 (அதே இரண்டோடு 'பெரிய பக்கம்' என்ற பிட்டும்). முதல் 1 ஜிபி அப்படியே மேப் ஆகிவிடும். இனி சிபியுவின் கன்ட்ரோல் ரிஜிஸ்டர்கள்: சிஆர்4-இல் பிஏஇ பிட், சிஆர்3-இல் 4096, ஈஃபர் ரிஜிஸ்டரில் லாங் மோடு (64 பிட் நிலை) பிட், கடைசியாகத்தான் சிஆர்0-இல் பேஜிங். பிறகு 64 பிட் கோட் செக்மென்ட்டுக்கு ஒரு ஃபார் ஜம்ப்.

ரஸ்ட் பக்கம் நோ-எஸ்டிடி (ஸ்டாண்டர்ட் லைப்ரரி வேண்டாம்), நோ-மெயின் (வழக்கமான மெயின் வேண்டாம்), பிழை வந்தால் ஓடும் ஒரு பேனிக் ஹேண்ட்லர், ஓஎஸ் இல்லாத எக்ஸ்86-64 டார்கெட். இந்த டார்கெட்டில் ரெட் ஸோன் (ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே ஃபங்ஷன் பயன்படுத்தும் இடம்) ஏற்கெனவே அணைந்திருக்கும், பின்னால் இன்டரப்ட் வரும்போது அது முக்கியம். ரீலொகேஷனை ஸ்டாட்டிக் ஆக்கிவிடுங்கள், அதாவது முகவரிகள் லிங்க் செய்யும்போதே நிலையாகட்டும். இப்போது அந்த வில்லங்கமான இடம். வெளிவந்த ஈஎல்எஃப் கோப்பை (தலைப்புத் தகவல்களோடு வரும் நிரல் கோப்பு) ஆப்ஜ்காபி என்ற கருவியால் வெறும் பைனரியாக்கி 65536-க்குக் குதிக்கிறோம், ஆனால் முதல் பைட்டில் உங்கள் ஸ்டார்ட் ஃபங்ஷன்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. லிங்கர் வேறு ஃபங்ஷனை முன்னால் போட்டிருக்கலாம். ஸ்டார்ட்டுக்குத் தனி செக்‌ஷன் கொடுத்து, லிங்கர் ஸ்க்ரிப்டில் அதை முதலில் வையுங்கள், தொடக்க முகவரியும் அதே 65536. பிஎஸ்எஸ் (பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டிய மாறிகளின் பகுதி) பைனரியில் வராது, குதித்தவுடன் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டியதும் நீங்கள்தான்.

சோதனைக்கு, திரையின் எழுத்து மெமரி தொடங்கும் 753664-ஆம் முகவரியில் 3915 என்ற 16 பிட் எண்ணை எழுதுங்கள். திரையின் இடது மூலையில் வெள்ளையில் 'கே' என்ற ஆங்கில எழுத்து வரும். வோலடைல் ரைட்டாக எழுதுங்கள், சாதாரணமாக எழுதினால் கம்பைலர் வீண் என்று தூக்கிவிடலாம்.

எழுத்து வராமல் மெஷின் திரும்பத் திரும்ப ரீபூட் ஆனால் அது ட்ரிபிள் ஃபால்ட், அதாவது பிழையைக் கையாளப் போய் மேலும் பிழை வந்து சிபியு ரீசெட் ஆவது. கியூஎமுவை நோ-ரீபூட் ஆப்ஷனோடு ஓட்டி, இன்டரப்ட் லாகைப் போட்டு, முதல் எக்ஸெப்ஷனின் (சிபியு சொல்லும் பிழை) ஆர்ஐபியைப் பாருங்கள், அப்போது ஓடிய கட்டளையின் முகவரி அது. எந்த வரியில் விழுந்தது என்பது அதிலேயே தெரியும். ஐடிடி (எந்த இன்டரப்டுக்கு எந்த ஃபங்ஷன் என்ற அட்டவணை) அமைக்கும்வரை இன்டரப்டைத் திறக்காதீர்கள், டைமரின் முதல் துடிப்பிலேயே இதே கதிதான்.

நிஜ மெஷினில் யூஎஸ்பி போட்டுப் பார்க்க ஆசை வந்தால் பழைய லேப்டாப்பாகத் தேடுங்கள். புதியவற்றில் பெரும்பாலும் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ மட்டும்தான், இந்த செக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.