ஒரு விஎம், இரண்டு நெட்வொர்க் கார்டு: வர்ச்சுவல்பாக்ஸில் அமைப்பது எப்படி?

வர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு விஎம்களை (கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினிகள்) உருவாக்கி உபுண்டு சர்வரை நிறுவிவிட்டீர்கள். இரண்டிலும் இணையம் வருகிறது. ஐபி முகவரியைப் பார்த்தால் இரண்டிலுமே 10.0.2.15. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் உடனே பதிலும் வருகிறது. ஆனால் அந்தப் பதில் பக்கத்து விஎம்மிலிருந்து வரவில்லை. விஎம் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்கிறது.

காரணம், வர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் நாட் என்ற இணைப்பு முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியாக ஒரு குட்டி நெட்வொர்க். வெளியே போக வழி உண்டு, பக்கத்து விஎம்முக்குப் போக வழி இல்லை. அதனால் இரண்டாவது கார்டு ஒன்று சேர்ப்போம். முதல் கார்டு இணையத்துக்கு, இரண்டாவது கார்டு விஎம்களும் உங்கள் கணினியும் பேசிக்கொள்வதற்கு. விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் 7 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உள் நெட்வொர்க்கை உருவாக்குதல்

ஃபைல் மெனு, டூல்ஸ், நெட்வொர்க் மேனேஜர் என்று போங்கள். ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க் (உங்கள் கணினியும் விஎம்களும் மட்டும் பேசிக்கொள்வது) ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் ஒன்றை உருவாக்குங்கள். வழக்கமாக உங்கள் கணினிக்கு 192.168.56.1 என்ற முகவரி கிடைக்கும். டிஎச்சிபி (தானாக ஐபி முகவரி கொடுக்கும் சேவை) இயங்கினால், கடைசி எண் 101 முதல் 254 வரை உள்ள முகவரிகளை அது கொடுக்கும். நாம் கையால் கொடுக்கப்போகும் முகவரி அந்த வரம்புக்கு வெளியே இருக்கட்டும்.

படி 2: கார்டைச் சேர்த்தல்

விஎம்மை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். இயங்கும்போது புதிய கார்டு சேர்க்க விடாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அடாப்டர் 1-ஐ நாட்டிலேயே விட்டுவிட்டு, அடாப்டர் 2-ஐ இயக்கி ஹோஸ்ட் ஒன்லி அடாப்டர் என்று தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் அதன் மேக் முகவரி (கார்டின் தனி அடையாள எண்) இருக்கும். அதன் கடைசி நான்கு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஎம்மை குளோன் செய்து (நகலெடுத்து) உருவாக்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குளோன் செய்யும்போதே எல்லா கார்டுகளுக்கும் புதிய மேக் முகவரி கேட்கும் தேர்வை எடுங்கள். ஒரே மேக் முகவரியோடு இரண்டு விஎம்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இணைப்பு வந்து வந்து போகும்.

படி 3: எந்தக் கார்டு எது?

விஎம்மை இயக்கி, ஐபி அட்ரஸ் கட்டளையை ஓட்டுங்கள். பெரும்பாலும் முதல் கார்டு ஈஎன்பி0எஸ்3, இரண்டாவது ஈஎன்பி0எஸ்8 என்று வரும். 3-க்கு அப்புறம் 8 எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம், அது விஎம்முக்குள் கார்டு செருகப்பட்ட இடத்தின் எண். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். குறித்து வைத்த மேக் முகவரியோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். இரண்டாவது கார்டுக்கு ஐபி இருக்காது, டவுன் என்று காட்டும். நிறுவிய பிறகு சேர்த்த கார்டை உபுண்டு சர்வர் தானாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: முகவரி கொடுத்தல்

இடிசி ஃபோல்டருக்குள் நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) ஃபோல்டர் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே உள்ள ஃபைலைத் தொடாமல், 60 என்று பெயர் தொடங்கும் புதிய யாம்ல் ஃபைல் ஒன்றைப் போடுங்கள். நெட்பிளான் எல்லா ஃபைல்களையும் சேர்த்தே படிக்கும். உள்ளே எழுத வேண்டியது இவ்வளவுதான் (சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்):

நெட்வொர்க்:
  வெர்ஷன்: 2
  ஈதர்நெட்ஸ்:
    ஈஎன்பி0எஸ்8:
      அட்ரசஸ்:
        - 192.168.56.10/24

வரி தொடக்கத்தில் ஸ்பேஸ் மட்டுமே, டேப் கூடாது. அடுத்த விஎம்மிலும் இதே படிகளைச் செய்து 192.168.56.11 என்று கொடுங்கள்.

இதில் கேட்வே (நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்) என்ற வரியே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். நான் முதன்முதலில் அமைத்தபோது, முகவரி இருந்தால் கேட்வேயும் இருக்க வேண்டும் என்று நினைத்து 192.168.56.1 என்று எழுதிவிட்டேன். உள்ளுக்குள் எல்லாம் வேலை செய்தது, இணையம் மட்டும் போய்விட்டது. வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகள் வாசலே இல்லாத இரண்டாவது கார்டுக்குப் போய் நின்றுகொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. கார்டு எத்தனை இருந்தாலும் வெளியே போகும் வழி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

படி 5: சோதனை

சூடோ போட்டு நெட்பிளான் டிரை கட்டளையை ஓட்டுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய காப்பு.

சரி, இப்போது ஐபி ரூட் கட்டளையைப் பாருங்கள். டிஃபால்ட் என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்று, 10.0.2.2 வழியாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் கணினியிலிருந்து 192.168.56.10-க்குப் பிங் செய்யுங்கள். விஎம்மிலிருந்து விண்டோஸ் கணினிக்குப் பிங் போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அநேகமாக விண்டோஸ் ஃபயர்வால்தான் தடுக்கிறது. கடைசியாக 10-லிருந்து 11-க்குப் பிங் செய்யுங்கள். இந்த முறை பதில் சொல்வது பக்கத்து விஎம்தான்.