நிற்கும்போது இரத்தப் புரதம் உண்மையில் கூடுகிறதா என்று அளப்பது எப்படி?

எடையின்மையின் விளைவுகளைப் பூமியிலேயே ஆராய்வதற்காக, தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் தன்னார்வலர்களை வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். ஜெர்மனியின் கோல்ன் நகரிலும் பிரான்சின் துலூஸிலும் 60 நாள் நீண்ட ஆய்வுகள் நடந்துள்ளன. அவர்கள் மீண்டும் நிமிர்ந்து நிற்கும்போது அல்புமின் முதலிய புரதங்களின் செறிவு உயரும். அதைப் புரதமே கூடியதாக எண்ணிவிடுவது இந்த அளவீட்டில் எளிதில் நேரும் பிழை. நிற்கையில் கால்களின் தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. ஏறத்தாழ 66,000 டால்டன் நிறையுள்ள அல்புமின் தந்துகிச் சுவரை எளிதில் கடக்க முடியாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

முதல் இரத்த மாதிரியை, படுக்கை ஓய்வின் கடைசி நாளில், எழுவதற்கு முன் படுத்த நிலையிலேயே எடுக்க வேண்டும். ஓய்வு தொடங்குவதற்கு முந்தைய அளவை ஒப்பீட்டுக்குக் கொள்ளக் கூடாது. ஏனெனில் முதல் சில நாள்களிலேயே சிறுநீர் வழியே நீர் வெளியேறி, பிளாஸ்மாவின் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவு கணிசமாகக் குறைந்திருக்கும். கேனுலாவை (இரத்தம் எடுக்க நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) முன்னதாகவே பொருத்திவிட்டால், ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டும் தேவை இருக்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டினாலே புரதச் செறிவு பொய்யாக உயரும். கையைத் தொங்கவிடாமல் இதய மட்டத்தில் தாங்கிப் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பிறகு சாய்மேசையை 70 பாகைக்கு உயர்த்தி, கால் தசைகளை அசைக்காமல் நிற்கச் செய்து, 20 முதல் 30 நிமிடங்களில் இரண்டாம் மாதிரியை எடுக்கலாம். மருத்துவர் அருகிலேயே இருக்க வேண்டும். நீண்ட படுக்கைக்குப் பின் பலருக்கு மயக்கம் வரும். அறிகுறி தோன்றியவுடன் மேசையைத் தாழ்த்திவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியிலும் புரதத்தோடு ஹீமோகுளோபினையும் ஹிமாடோகிரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் கனஅளவு விழுக்காடு) அளந்தால், டில், காஸ்டில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் தந்த சூத்திரப்படி பிளாஸ்மா மாற்றத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 கிராமிலிருந்து 15 ஆகவும், ஹிமாடோகிரிட் 42இலிருந்து 45 விழுக்காடாகவும் உயர்ந்ததாகக் கொள்வோம். 14ஐ 15ஆல் வகுத்து, வரும் ஈவை 55ஐ 58ஆல் (100இலிருந்து 45ஐயும் 42ஐயும் கழித்தால் வரும் பிளாஸ்மா விழுக்காடுகள்) வகுத்த ஈவுடன் பெருக்கினால் 0.885 கிடைக்கும், அதாவது பிளாஸ்மா 11.5 விழுக்காடு குறைந்திருக்கிறது. மொத்தப் புரதச் செறிவு டெசிலிட்டருக்கு 7.0 கிராமிலிருந்து 7.8 கிராமாக ஏறியிருந்தால், 7.8ஐ 0.885ஆல் பெருக்க 6.9 வரும். புரதம் கூடவில்லை, நீர்தான் குறைந்தது.

மயக்கத்தால் சோதனை இடையில் நின்றால், மாதிரி எடுத்த நிமிடத்தைத் தவறாமல் குறிக்க வேண்டும். ஐந்தாம் நிமிட அளவையும் இருபதாம் நிமிட அளவையும் ஒரே சராசரியில் சேர்க்க இயலாது.