குற்றவியல் படிக்க வருகிறவர்களுக்கு: சேரும் முன்பும் முதல் ஆறு மாதத்திலும்

குற்றவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு இப்போது சிறார் நீதி சார்ந்த ஒரு வேலையில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஃபோன் ஓயாது. "அண்ணா, கிரிமினாலஜி எடுக்கலாமா? வேலை கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

படி 1: எந்தக் "குற்றவியல்" என்று முடிவு செய்யுங்கள்

தமிழில் இந்தச் சொல்லே ஆளைக் குழப்பும். குற்றவியல் நடுவர் என்றால் மாஜிஸ்ட்ரேட். குற்றவியல் சட்டம் என்றால் வக்கீல்கள் படிப்பது. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை என்றால், குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸும் நீதிமன்றமும் சிறையும் எப்படி நடக்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராயும் சமூக அறிவியல். கைரேகை, டி.என்.ஏ., விஷப் பரிசோதனை எல்லாம் தடய அறிவியல். அது வேறு படிப்பு.

என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் லேபில் வேலை செய்யும் கனவோடு வந்து, முதல் செமஸ்டரில் சதர்லேண்ட், மெர்ட்டன் என்று குற்றத்துக்குக் கோட்பாடு சொன்ன சமூகவியலாளர்களைப் பார்த்து வாடிப்போனார்கள். அட்மிஷனுக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் போயிருக்காது.

படி 2: வேலையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

எஸ்.ஐ. ஆக வேண்டுமா? சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குற்றவியல் கட்டாயமில்லை. டி.எஸ்.பி. என்றால் குரூப் 1. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் கேட்பார்கள், எம்.ஏ. குற்றவியல் அங்கே செல்லாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.

குற்றவியல் நேரடியாகக் கைகொடுப்பது நன்னடத்தை அலுவலர் (புரபேஷன் ஆபீசர்) பணி, குழந்தைப் பாதுகாப்பு, சிறைக் கைதிகளின் மறுவாழ்வு, பாதிக்கப்பட்டோருக்கான தொண்டு நிறுவனங்கள், வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, அப்புறம் ஆசிரியப் பணி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூ.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வித் தகுதிப் பத்தியை நீங்களே படியுங்கள். பதவிக்குப் பதவி மாறும்.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கென்றே துறைகள் இருக்கின்றன.

படி 3: சட்டத்துக்கு ஒரு நோட்டு

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாக, இ.பி.கோ.வுக்குப் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப்) பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கு 302 இருந்த இடத்தில் இப்போது 103. மோசடிக்கு 420 போய் 318. பழைய வழக்குகள் பழைய பிரிவிலேயே ஓடுவதால் இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'சங்கலன்' ஆப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் என் சிபாரிசு கையால் எழுதிய நோட்டுதான். இடது பக்கம் பழைய பிரிவு, வலது பக்கம் புதியது. எழுதினால்தான் மனதில் நிற்கும்.

படி 4: ஒரு எஃப்.ஐ.ஆரை முழுதாகப் படியுங்கள்

2016-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமானவை தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளைப் போலீஸ் இணையத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் ஒன்றை இறக்கி, இரண்டு இடங்களை மட்டும் முதலில் பாருங்கள். சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம். இரண்டுக்கும் நடுவே பத்து மணி நேரம் இருந்தால், தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

படி 5: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் சறுக்கிய இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்காக இரண்டு மாவட்டங்களின் திருட்டு வழக்குகளை எடுத்து, எண்ணிக்கை கூடுதலாக இருந்த மாவட்டத்தை "குற்றம் மிகுந்தது" என்று எழுதிவிட்டேன். வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லட்சத்துக்கு எத்தனைப்பா?" நாற்பது பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.

ஒரு மாவட்டத்தில் 36 லட்சம் பேர், 1,800 வழக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் 9 லட்சம் பேர், 720 வழக்குகள். வழக்கை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். முதலாவது 50, இரண்டாவது 80. படமே தலைகீழாகிறது.

அதோடு முடியவில்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், ஆவணக் காப்பகம் அவற்றில் கடுமையானதை மட்டுமே எண்ணும். வல்லுறவுக்குப் பின் கொலை என்றால் அது கொலைக் கணக்கில்தான் போகும். தண்டனை விகிதம் என்பதும் பதிவான வழக்குகளில் எத்தனை என்பதல்ல, அந்த ஆண்டு விசாரணை முடிந்தவற்றில் எத்தனை என்பது.

2020-ஐப் பாருங்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான பழைய இ.பி.கோ. 188-ஆம் பிரிவில் 2019-இல் நாடு முழுக்க 29,469 வழக்குகள். 2020-இல் 6,12,179. பெரும்பாலும் ஊரடங்கு விதிகளை மீறியவர்கள் மேல் போட்ட வழக்குகள் அவை. தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு அந்த ஆண்டு பெருமளவு ஏறியதற்கும் ஊரடங்கு வழக்குகளே பெரிய காரணம். இது தெரியாமல் வரைபடம் போட்டால், ஒரே ஆண்டில் மாநிலமே குற்றக் காடாகிவிட்டது போலத் தெரியும்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது. புகார் கொடுத்தால் பல நேரம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கையில் கிடைக்கும். எஃப்.ஐ.ஆர். ஆகாத புகார் இந்த அட்டவணை எதிலும் ஏறாது. மொபைலைத் தொலைத்துவிட்டு ரசீதோடு வீடு திரும்பிய என் சித்தி தேசியக் கணக்கில் இல்லை. அட்டவணையை எப்போது திறந்தாலும் அவர் முகம் நினைவுக்கு வரும்.

கருவி என்றால் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும். முதல் ஆண்டிலேயே எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். வகுக்கத் தெரிந்த பிறகு இலவசமான ஆர் மென்பொருளுக்குப் போகலாம்.

படி 6: மாதம் ஒரு நாள் கோர்ட்

பொதுவாக நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். மொபைலை அணைத்துவிட்டு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பின் வரிசையில் உட்காருங்கள். காலையில் வாய்தா வாங்கும் நேரத்தைப் பார்த்தாலே வழக்கு ஏன் இழுக்கிறது என்று புரியும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். அங்கே நிற்காதீர்கள்.

பின் சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒரு தங்கை, 2024-க்கு முன்னும் பின்னும் சங்கிலிப் பறிப்பை ஒப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தார். நல்ல கேள்வி. புதிய சட்டத்தில் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு வந்திருக்கிறது, பழைய இ.பி.கோ.வில் அப்படி இல்லை. அதனால் ஜூலை 2024-இல் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அடிக்குறிப்பில் காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

மூன்று மாத "துப்பறிவாளர்" சான்றிதழுக்குப் பெரிய தொகை கட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கட்டாதீர்கள். மேலே சொன்ன எந்த அரசுப் பணிக்கும் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை.