பந்தைத் தவறவிடும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

ஐந்தாறு வயதுப் பிள்ளை பந்தைத் தவறவிட்டால், "கையை ஒழுங்கா நீட்டு" என்கிறோம். ஆனால் பல நேரம் கைக்கு முன்பே கண் பந்தை விட்டுவிடுகிறது. பந்து முகத்தருகே வந்ததும் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள், அல்லது தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது கையைத் திருத்தி என்ன பயன்?

எடுத்த எடுப்பிலேயே டென்னிஸ் பந்தைத் தருவதுதான் பெரிய தவறு. அது சிறியது, வேகமாக வரும், பட்டால் வலிக்கும். ஐந்து வயதில் பெரிய பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது இயல்பு. சிறிய பந்தை விரல்களால் மட்டும் பிடிக்கும் திறன் பெரும்பாலும் 7, 8 வயதில்தான் கைகூடும். அணைத்துப் பிடிப்பதைத் தப்பு என்று திட்டாதீர்கள். பலூனில் தொடங்குங்கள். அது மெதுவாக இறங்குவதால் கண் பின்தொடர நேரம் கிடைக்கும். அப்புறம் துணிப்பந்து, அதற்கும் பிறகு தரையில் ஒருமுறை குதித்து வரும் பெரிய பந்து. கிட்டே நின்று, கையைத் தாழ்த்தி மெதுவாகப் போடுங்கள். பந்தில் ஓர் எழுத்தை எழுதி "என்ன எழுத்து?" என்று கேட்டால், "பந்தைப் பாரு" என்று கத்தாமலே பார்ப்பார்கள்.

பள்ளியில் முப்பது பேருக்கு ஒரே பந்து என்றால், வகுப்பு முழுக்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தால் போதும்.

மொபைல் விளையாட்டு இதற்கு ஈடாகாது. திரையில் பந்துக்கு எடையும் இல்லை, தூரமும் இல்லை.

பந்தில் மட்டுமல்ல, மற்றக் கைவேலைகளிலும் இப்படித்தான். இடது கைப் பிள்ளைக்கு வலது கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, கோணலாக வெட்டுவதாகக் குறை சொல்வதும் நடக்கிறது. மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டையே மறைத்துவிடும். அழுத்தும்போது அலகுகளும் விலகும். இடது கைக்கென்றே தனிக் கத்தரிக்கோல் இருக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பார்வைக் குறையைக் கவனக்குறைவு என்று நினைத்துவிடுவது. ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருந்தாலும் பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கும். ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராமல் போவதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். அதற்கு ஏழு வயதுக்கு முன்பே சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அதனால் பயிற்சி தொடங்கும் முன் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணில் குறையில்லை, ஆனாலும் பட்டன் போடுவது, கரண்டி பிடிப்பது, படியேறுவது எல்லாமே வயதுக்கு மீறிய சிரமமாக இருக்கிறது என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.