பழைய வீ யூ வாங்கினால், பிளக்கைச் செருகும் முன்

டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டியான நின்டெண்டோவின் வீ யூ 2012 நவம்பரில் வெளியானது. 2017-இல் உற்பத்தி நின்றுபோனது. அதனால் இன்று பெங்களூரில் தேடினால் கைமாறிய பெட்டிதான் அகப்படும். எனக்குக் கிடைத்தது அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்தது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது கேம்பேட். 6.2 அங்குலத் தொடுதிரை வைத்த அந்தப் பெரிய கன்ட்ரோலர் இல்லாமல் பெட்டியை ஆரம்பத்தில் அமைக்கவே முடியாது. அமெரிக்கக் கடைகளில்கூட அதைத் தனியாக விற்றதில்லை. "பேட் அப்புறம் தேடிக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நடையைக் கட்டுங்கள். பழைய சொந்தக்காரர் பெற்றோர் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரகசிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. உடனே பிளக்கைச் செருகாதீர்கள். அடாப்டரைத் திருப்பி, அடியில் 'இன்புட்' என்ற வரியைப் படியுங்கள். அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட், ஜப்பான் பெட்டிக்கு 100. நம் வீட்டில் வருவது 230. அந்தத் தட்டைக் கால் பிளக் நம் எக்ஸ்டென்ஷன் போர்டில் ஜம்மென்று உட்கார்ந்துவிடும், அதுதான் வினை. நான் அப்படித்தான் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாசனை, அடாப்டர் காலி. வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அடாப்டர் தருவது 75 வாட்தான், 200 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். கேம்பேடுக்குத் தனிச் சார்ஜர் உண்டு, அதையும் இதே டிரான்ஸ்ஃபார்மரில்தான் போட வேண்டும்.

அடுத்து எச்.டி.எம்.ஐ. கேபிளை டிவியில் மாட்டி, பெட்டியை ஆன் செய்யுங்கள். முன்பக்கம் இருக்கும் சிங்க் (SYNC) பொத்தானை அழுத்தினால் டிவியில் நான்கு சீட்டுக் குறிகள் வரும்: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் கலந்து ஏதோ ஒரு வரிசை. கேம்பேடின் பின்புறச் சிங்க் பொத்தானையும் அழுத்தி, அதே வரிசையில் குறிகளைத் தொட்டால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும். மொழி, தேதி, வைஃபை எல்லாம் திரையே கேட்கும், சொல்லிக்கொண்டே போகலாம்.

இந்தத் திரை போன் திரை மாதிரி இல்லை. தடவினால் கேட்காது, அழுத்த வேண்டும். பேடின் பின்னால் செருகியிருக்கும் குச்சியோ, நகமோ நன்றாக வேலை செய்யும். என் அண்ணன் மகள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது ரிப்பேர்" என்றாள். ரிப்பேர் இல்லை, இது ஒரு நேரத்தில் ஒரு தொடுதலைத்தான் அறியும்.

விளையாட்டுகளை டிஸ்க்காக வாங்குங்கள். ஆன்லைன் கடையில் 2023 மார்ச்சிலேயே விற்பனை முடிந்தது, ஆன்லைன் ஆட்டமும் 2024 ஏப்ரலில் நின்றது. அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, உறையைப் பார்த்து வாங்குங்கள். இதற்கு முந்தைய பெட்டியான வீ-யின் டிஸ்க்கும், அதே நாட்டுடையதாக இருந்தால், இதில் ஓடும் என்பது ஒரு ஆறுதல்.

பல விளையாட்டுகளை டிவி இல்லாமல் பேடிலேயே ஆடலாம். அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் இதுதான் கைகொடுக்கிறது. ஆனால் படம் வருவது பெட்டியிலிருந்துதான். எங்கள் அல்சூர் வீட்டில் சமையலறை வாசல் வரை ஒழுங்காக வருகிறது, உள்ளே போனால் விட்டுவிட்டு ஓடுகிறது.